சின்னப் படகுக்குப் பெரிய இன்ஜின்

புயல் அடித்த வருஷம் பெரியப்பா வீட்டு நடுக்கூடத்தில் ஓர் இன்ஜின் குடியேறியது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற பெரிய இன்ஜின். மரச்சட்டம் அடித்து அதில் தொங்கவிட்டு, மேலே பெரியம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். திடீரென்று உள்ளே நுழைகிறவர்களுக்கு யாரோ விருந்தாளி முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது போலத் தோன்றும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். பெரியம்மா சிரிப்பார். பெரியப்பா சிரிக்கமாட்டார்.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, பெரிய பஸ் எதுவும் நிற்காத ஒரு கடற்கரைக் குடியிருப்பு எங்களுடையது. புயல் அன்று, கரையில் ஏற்றிக் கட்டியிருந்த பெரியப்பாவின் படகைக் கடல் அவிழ்த்துக்கொண்டு போய், தென்னந்தோப்பு வேலியில் இரண்டாக முறித்துப் போட்டுவிட்டது. முந்தின நாளே இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்ததால் அது மட்டும் பிழைத்துக்கொண்டது. படகு போன துக்கத்தைவிட இன்ஜின் பிழைத்த துக்கம்தான் பெரியப்பாவை அதிகம் வாட்டியது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் போயிருந்தால் மனிதர் கொஞ்ச நாள் அழுதுவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார். இது போக விடவில்லை. காலையில் எழுந்ததும் சேலையை விலக்கி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அது லேசாக இருமிவிட்டு அடங்கும். பிறகு எதிரே உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வேறு படகில் கூலிக்குப் போகச் சொல்லி யாராவது வந்தால், இன்ஜினைக் கையால் காட்டுவார். இது இருக்கும்போது நான் எதற்கு இன்னொருத்தன் படகில் ஏற வேண்டும் என்று அர்த்தம்.

ஒருநாள் சாயங்காலம் பெரியம்மா எங்கள் அடுப்படிக்கு வந்து வெகுநேரம் அழுதார். மனுசன் ராத்திரியெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பா கடலிலிருந்து வந்ததும், முகம்கூடக் கழுவ விடாமல், அந்த இன்ஜினை நம் படகில் மாட்டினால் என்ன என்று அம்மா கேட்டார்.

"அது இதுக்குச் சேராது" என்றார் அப்பா.

"சேத்துத்தான் பாருங்களேன். மனுசன் எந்திரிச்சு நடமாடட்டும்."

வரன் பொருந்தவில்லை என்று தெரிந்தும் வீட்டுக்குப் பெரியவர்கள் சொல்கிறார்களே என்று தலையாட்டுகிற மாப்பிள்ளை போல அப்பா தலையாட்டினார்.

எங்களுடையது கரையோரம் நண்டு வலை போடுகிற சின்ன ஃபைபர் படகு. அதற்கென்று ஒரு குட்டி இன்ஜின் இருந்தது. மாவு அரைக்கிற மிஷின் போல ஒரே சீராகச் சத்தம் போடும். அப்பாவும் அதுபோலத்தான். அதிகம் பேசமாட்டார், தூரமாகப் போகமாட்டார், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கரைக்கு வந்துவிடுவார். பெரியப்பா அப்படியில்லை. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அவருக்குக் கடல் ஆரம்பமாகும். தாத்தா சின்ன வயதிலேயே இறந்துபோக, அப்பாவைச் சோறு போட்டு வளர்த்தவர் அவர்தான். அப்பாவின் கல்யாணத்தை நடத்தி வைத்தவரும் அவர்தான். அவர் உட்கார்ந்திருக்கும்போது அப்பா எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாட்டும் வேலை தொடங்கியது. நாலு பேர் சேர்ந்து இன்ஜினைத் தூக்கிவந்தார்கள். எங்கள் படகின் பின்பலகையில் தொங்கவிட்டதும் படகு கரையிலேயே ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு முதல்முறையாகப் பெரியப்பாவும் சிரித்தார். அதனாலேயே அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரிய படகுக்குச் செய்த இன்ஜினுக்குக் கால் நீளம். எங்கள் படகில் மாட்டினால் தண்ணீருக்குள் சுழலும் விசிறி ரொம்பக் கீழே போய்ச் சேற்றைத் தொட்டது. பலகையை உயர்த்தச் சொன்னார் பெரியப்பா. அப்பா பின்பலகையின் மேல் ஒரு கட்டையை வைத்து போல்ட் அடித்தார். இன்ஜின் உயர்ந்தது. உயர்ந்ததும் அதன் பாரம் முழுக்க அந்தக் கட்டையைப் பிடித்து ஆட்டியது. உள்பக்கம் இன்னொரு பலகை கொடுத்தார்கள். பின்பக்கம் இன்னும் பாரமானது. அதைச் சரிக்கட்ட முன்பக்கம் மணல் மூட்டை போட்டார்கள். முன்பக்கமும் பாரமானதும் படகே தண்ணீரில் ஆழ்ந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. அப்பா ஒவ்வொரு தடவையும் நிறுத்தி அண்ணன் முகத்தைப் பார்ப்பார். போதும் என்று சொல்லமாட்டாரா என்று பார்த்தாரோ என்னவோ. பெரியப்பாவோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தார். காலையில் குளித்து, முகம் மழித்துக்கொண்டு கரைக்கு வந்தார். பெரியம்மா டீயும் வடையும் கொடுத்தனுப்பினார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது கல்யாண வேலை நடக்கிற மாதிரி இருந்தது.

வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கினார்கள். மணல் மூட்டை போதவில்லை, முன்பக்கம் இன்னும் கொஞ்சம் பாரம் வேண்டும் என்றார் பெரியப்பா. கரையில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"ஏறு ஆத்தா. முன்னால போயிக் கெட்டியாப் பிடிச்சு ஒக்காரு."

"அவ எதுக்குண்ணே?" என்றார் அப்பா.

"அட, கரையோரம்தானடா."

நான் அதற்குள் ஏறிவிட்டேன். எனக்கு அது மிகப்பெரிய கௌரவம். பெரியப்பா கயிற்றை இழுத்தார். நடுக்கூடத்தில் இருமிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரே இழுப்பில் முழங்கியது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் அப்பாவும் பெரியப்பாவும் ஏதோ பள்ளத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தார்கள். காற்றில் எனக்கு மூச்சு முட்டியது. கத்தினேன், சந்தோஷத்தில்தான். பெரியப்பாவும் கத்தினார்.

"அண்ணே, மெதுவாக் கொறைங்க. மெதுவா."

பெரியப்பா காதில் அது விழவில்லை. திரும்புவதற்காகச் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். எங்களைத் துரத்திக்கொண்டு வந்த, எங்கள் படகே கிளப்பிய அலை பின்பலகைக்கு மேல் ஏறி உள்ளே கொட்டியது. படகு பின்பக்கமாக அமிழ்ந்தது. முன்பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் சாய, நான் பிடி வழுக்கி மணல் மூட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே விழுந்தேன். முழங்கை கிழிந்தது. அப்பா பாய்ந்துவந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் என்னைப் பிடித்தபடி மறுகையால் வெட்டிய கேனில் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். எனக்குப் பயமே இல்லை. இன்னொரு சுற்றுப் போகலாம் என்று சொன்னேன்.

கரைக்கு வந்ததும் பெரியப்பா குதித்து இறங்கினார். பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். இன்ஜின் இன்னும் சாகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். புதன்கிழமை விடியற்காலையில் வெளிக்கடலுக்குப் போகப்போவதாகவும், தன் மகனையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும் சொன்னார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அந்தப் பையன் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு, அப்பனும் மகனுமாகத் தொழில் பார்க்கலாம் என்றார். பெரியம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் எழுந்து நடப்பதே போதும் என்றிருந்தது அவருக்கு.

அப்பா மட்டும் அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, இந்தப் படகு அம்புட்டுத் தூரம் தாங்காதுண்ணே. காத்து திரும்புனா கவுந்துரும்."

பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப என்னைய என்னடா செய்யச் சொல்ற? மறுபடி அதுக்கு முன்னால போயி ஒக்காரச் சொல்றியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டு வரும்படி அம்மா என்னைக் கரைக்கு அனுப்பினார். அப்பா படகின் பின்பக்கம் தனியாகக் குனிந்து நின்றிருந்தார். இன்ஜினைப் பலகையோடு கவ்விப் பிடிக்கிற இரண்டு கிளாம்புத் திருகுகளில் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அடுத்ததை. நாளைக்காக இறுக்கி முடுக்குகிறார் என்று நினைத்தேன். ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற பக்கமாகத் திருகுகிறார் என்பது எனக்குப் படவில்லை. பிறகு, ஒருவேளை இன்ஜின் கழன்றாலும் கடலில் போய்விடாமல் இருப்பதற்காகப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்த காப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். நிதானமாகச் சுருட்டி முன்பலகைக்கு அடியில் வைத்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"கயித்த ஏம்ப்பா அவுத்துட்டீங்க?"

"ஈரமாக் கெடக்கு. காயட்டும்" என்றார். "நீ முன்னால போ. வாரேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் கரைக்குப் போனோம். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. பெரியம்மா கற்பூரம் ஏற்றி இன்ஜினுக்குப் பொட்டு வைத்தார். முடுக்கியாச்சா என்று பெரியப்பா கேட்க, அப்பா ம் என்றார். பெரியப்பா அதற்கு மேல் தொட்டுப் பார்க்கவில்லை. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பெரியப்பா மகனை முன்பக்கம் போய் உட்காரும்படி அப்பா சொன்னார். அவனும் அரைத் தூக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

முதலில் மெதுவாகத்தான் போனார்கள். படகு ஒரு கறுப்புப் புள்ளியாகச் சிறுத்த பிறகு சத்தம் உயர்ந்தது. பெரியப்பா வேகம் கொடுக்கிறார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் ஒரு கத்தல் போலக் கூர்மையாக எழுந்து அறுந்துபோனது. அதன் பிறகு அலைச் சத்தம்தான். பெரியம்மா கையில் தட்டுடன் அப்படியே நின்றார்.

வெகுநேரம் கழித்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பலகையின் மேல் ஒன்றும் இல்லை. இன்ஜின் எகிறிக் கடலுக்குள் விழுந்துவிட்டது என்றும், பெரியப்பா அதன் பின்னாலேயே குதித்து இரண்டு மூன்று முறை முங்கினார் என்றும், அப்பாதான் அவர் முடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார் என்றும் அண்ணன் சொன்னான். பெரியப்பா ஈரத்தோடு நடந்து வீட்டுக்குப் போனார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

விழுந்த இடத்தில் அப்பா மிதவை போட்டுவிட்டு வந்திருந்தார். தெரிந்தவர்களெல்லாம் படகு கொண்டுவந்து பல நாள் கொக்கி போட்டுத் துழாவினார்கள். கடைசியில் சேற்றுக்குள் அகப்பட்டது. கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் சேற்றுத் தண்ணீர் வடிந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடித்திருக்கிறது, உள்ளே எல்லாம் வளைந்துவிட்டது, இனி இது இரும்பு விலைக்குத்தான் என்றார்.

பெரியப்பா மண்டியிட்டு உட்கார்ந்து அதன் தலையைத் தடவினார். கை கீழே இறங்கிக் கிளாம்புக்குப் போனது. ஒரு திருகைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அதிர்வில் தானாகக் கழன்றிருந்தால் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் கழன்றிருக்கும். இவை இரண்டும் ஒரே அளவில் பின்வாங்கியிருந்தன. காப்புக் கயிறு கட்டுகிற வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அறுந்த கயிற்றின் துணுக்குகூட அதில் இல்லை. அவர் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா பார்வையை விலக்கவில்லை. அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காப்புக் கயிறு கட்டலையாண்ணே?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மறந்துட்டேன்ப்பா" என்றார் பெரியப்பா. "முடுக்குனதும் நாந்தேன். கயித்த மறந்ததும் நாந்தேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியவர்கள் மறந்து போனதை எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "இல்ல பெரியப்பா, அப்பாதான அன்னைக்கி..."

"ஆத்தா" என்று குறுக்கிட்டார். குரலில் கோபமே இல்லை. "நீ ஓடிப்போயி பெரியம்மாட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டு வா."

ஓடினேன். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. பெரியப்பா போய்விட்டார். அப்பா படகுக்குப் பின்னால் துண்டை முகத்தில் போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் போனதற்கு இவ்வளவு அழ வேண்டுமா, அது நம்முடையதுகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டு தண்ணீரை அவரிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு ஊரில் பெரியப்பாவுக்கு ஒரு பெயர் வந்தது. அந்தக் கடற்கரையில் அவரைப் போல் படகோட்ட ஆள் இல்லை என்று சொன்ன அதே வாய்கள், புயலோடு அவர் புத்தியும் போய்விட்டது, கயிறு கட்ட மறக்கிற ஆளை நம்பி யார் கடலுக்குப் போவது என்று பேசின. கூலிக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஒருமுறை டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தபோது நான் அப்பாவோடு இருந்தேன். அப்பா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியப்பா காப்பாற்றிக் கொடுத்ததைத் தானே உடைத்தது போல ஆகியிருக்கும். சொல்லாமல் இருந்ததும் அவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அதற்குப் பிறகு நல்ல தூக்கமே கிடையாது.

பெரியப்பா திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகத் தீர்மானித்தார். அண்ணன் திரும்பப் பள்ளிக்கூடம் போனான். படித்தான், இன்று துபாயில் இருக்கிறான். பெரியப்பா கிளம்புகிற அன்று அவர் பெட்டியை அப்பாதான் தோளில் வைத்துக்கொண்டு கோட்டைப்பட்டினம் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். நானும் போனேன். பெரியப்பா முன்னால் நடந்தார், அப்பா பின்னால். இன்ஜினைக் கரையேற்றிய நாளிலிருந்தே இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் அப்பா ஏறிப் பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னல் ஓரம் நின்றார். பெரியப்பா கையை வெளியே நீட்டி என் கன்னத்தைத் தட்டி, நல்லாப் படி என்றார். பஸ் நகரப்போகிற நேரத்தில், டிரைவர் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்:

"மானம் கருக்குது, மழ வரும். வலைய நேரத்தோட எடுத்துரு."

"சரிண்ணே" என்றார் அப்பா.

அவர்கள் இருவரும் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. கல்யாணம் காட்சிகளில் இருவரும் வந்திருப்பார்கள், வேறு வேறு பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பெரியப்பா திருச்சியில் இறந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோதும் அப்பா கால்மாட்டிலேயே நின்றார், தலைமாட்டுக்குப் போகவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றிவிட்ட இரண்டு பேருக்கு அதன் பிறகு சேர்ந்து உட்கார இடமில்லாமல் போகும் என்பதெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டில் நின்ற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நான் அன்று வீட்டுக்குள் நுழையும்போதே, அப்பாவும் பெரியப்பாவும் பேசிவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என்ன பேசுனாக?" என்று கேட்டார்.

வலையை எடுக்கச் சொன்னார் என்றேன். அம்மா களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, களைந்து முடித்த அரிசியில் மறுபடியும் தண்ணீரை ஊற்றினார்.